என் முகத்துக்கு நானே அடித்த சுண்ணாம்பு

என் மகனுக்கு,

தொலைபேசியில் உனக்கு நான் எதையும் சொல்லி முடித்ததாகச் சரித்திரம் இல்லை. "சொல்லுங்கோ அம்மா" என்பாய். நான் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் "கடையிலை ஆள் நிக்குது, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். அந்தப் பிறகு இரண்டு வருடமாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனம் வராது. சின்ன வயதில் கச்சான்கடலை சுற்றிவந்த பேப்பரைக்கூட எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்காமல் எறியாதவன் நீ. இன்னும் மூன்று கிழமையில் நான் பிரதேச சபைக் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். அடுத்த மாதம் உன் கலியாணம். அதற்குப் பிறகு நீ என் பேச்சைக் கேட்பதா உன் மனைவியின் பேச்சைக் கேட்பதா என்ற கேள்விக்கே இடமிருக்காது, இருக்கவும் கூடாது. ஆகவே சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதவைத்தது நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளைதான். போன வியாழக்கிழமை எனக்கு அழைத்து, "மாமி, ஒண்டு கேக்கட்டோ, குறை நினைக்கமாட்டியளே?" என்றாள். ஏதோ கூறைச்சீலை விடயமாக்கும் என்று நானும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இவருக்குப் படம் கீற வருமோ? முந்திச் சுவர் சுவராய்க் கீறித் திரிஞ்சவர் எண்டு அவற்ற சிநேகிதர் ஒராள் சொன்னார். கலியாணக் கார்ட்டுக்கு ஒரு சின்னப் படம் கீறித் தாங்கோ எண்டு கேட்டன். எனக்கு அதெல்லாம் வராது எண்டிட்டார்" என்றாள். "வரும் பிள்ளை, நல்லாய் வந்தது, நான்தான்..." என்று தொடங்கினேன். "கந்தோரிலை ஆள் நிக்குது, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதலில் பசுவைப் பற்றிச் சொல்கிறேன், என் முதல் பிழை அங்கேதான் தொடங்குகிறது. உனக்குப் பத்தொன்பது வயது. கண்டி வீதியில் எங்கள் சந்தி பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய நெற்களஞ்சியச் சுவரில், ஒரு நாள் விடிய ஒரு மண்ணிறப் பசு நின்றது. பாதி தேர்தல் நோட்டீஸை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் தானும் ஒருத்தியாக நின்றது. தெருவில் படுத்துக் கிடக்கும் நிசப் பசு ஒன்று எழும்பி வந்து அதன் கழுத்தை நக்கிப் பார்த்ததை என் கண்ணாலேயே கண்டேன். மூன்றாம் நாள் சபைக்கு முறைப்பாடு வந்தது. எங்கள் பிரதேச சபைக்கு வரும் எந்தக் கடிதமும் முதலில் என் மேசைக்குத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். 'இனந்தெரியாத நபர் ஒருவர் பொதுச் சுவரை அசிங்கப்படுத்தியுள்ளார்' என்று இருந்தது. திகதி முத்திரை குத்தினேன், கோப்பில் இட்டேன், 'மேற்படி நாசவேலையில் ஈடுபட்டவர் தேடப்படுகிறார்' என்று பதிலும் எழுதினேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால், தேடப்படுகிறவர் குசினியில் இருந்து புட்டும் மாம்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் மண்ணிறப் பெயின்ற்.

"முகம் கழுவினனியோ?"

"ஓம்."

"காதுக்குப் பின்னாலை?"

நீ இன்னும் கொஞ்சம் புட்டை எடுத்து வைத்தாய். அன்று உன்னை நான் ஏசிய ஏச்சு இரண்டு வளவு தள்ளிக் கேட்டது. "சுவர் ஆற்ற அப்பன் வீட்டுச் சொத்து?" என்று கேட்டேன். அதே சுவரில் ரியூசன் மாஸ்டர்மாரின் நோட்டீஸ் ஆறும், கண்ணீர் அஞ்சலி பத்தும், ஒரு சவர்க்கார விளம்பரமும் ஒட்டியிருந்தன. அவர்கள் யாரும் சுவர்க்காரனைக் கேட்டு ஒட்டவில்லை. அதற்கு ஒரு முறைப்பாடும் வரவில்லை, நானும் ஒரு கடிதம் எழுதவில்லை. விற்கிறதுக்கு ஒட்டினால் விளம்பரம், சும்மா கீறினால் நாசவேலை என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்திருக்கிறது, அதை நான் யோசித்ததே இல்லை. உன் அப்பா மட்டும் வயலுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து, "மாட்டின்ர பின்னங்கால் வலு திறமாய் வந்திருக்கு" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் அன்று விழுந்தது.

அந்தப் பசுவால்தான் எங்கள் ஊருக்கு அனுமதிச் சுவர் வந்தது. சபைத் தலைவரான தவிசாளர் எங்கோ வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய் வந்து, அங்கெல்லாம் பெடியளுக்கு என்று ஒரு சுவரை விட்டுவிடுகிறார்களாம், கீறுகிறவன் அங்கே கீறுவான், மற்றச் சுவர்கள் தப்பும் என்று கூட்டத்தில் சொன்னார். சந்தைக் கட்டடத்தின் தெற்குச் சுவரை ஒதுக்குவதாகத் தீர்மானம் நிறைவேறியது. யாரும் வந்து எதையும் கீறலாம், முறைப்படி அனுமதி பெற்று. அந்த 'முறைப்படி'யைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மகன், நான் அதைப் பெருமையோடு செய்தேன். பதினொரு விபரம் கொண்ட விண்ணப்பப் படிவம். கீற உத்தேசித்துள்ள படத்தின் மூன்று பிரதிகள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல். கீறுவதற்கான காரணம். பின்பக்கத்தில் விதிகள், அதில் ஒன்பதாவது, 'மரண அறிவித்தல்கள் இச்சுவரில் தடைசெய்யப்பட்டுள்ளன.' ஒன்பதாவது விதியை எழுதும்போது நான் எவ்வளவு தூரம் யோசிக்கிறேன் என்று எனக்கே ஒரு மரியாதை வந்தது.

நாலு மாதம் கீற ஒருவரும் வரவில்லை. வந்த விண்ணப்பம் இரண்டு. ஒன்று ரியூசன் நோட்டீஸ் ஒட்டக் கேட்ட கணித மாஸ்டருடையது, மற்றது பெரியபிள்ளையான தன் மகளின் சாமத்தியச் சடங்குப் பதாகையை ஒரு கிழமைக்குக் கட்டக் கேட்ட தகப்பனுடையது. ஊரில் கீற அனுமதி உள்ள சுவர் ஒன்றே ஒன்றுதான், கீறல் விழாத சுவரும் அது ஒன்றுதான். உன்னிடம் கேட்டேன், "ஏன்ரா, சுவர் தாங்கோ எண்டு திரிஞ்சனீங்கள், இப்ப ஒருத்தனையும் காணேல்லை?" என்று. "அம்மா, ஆசை வந்த உடனை கீறவேணும். கிராம அலுவலரிட்டைக் கையெழுத்து வாங்கி வாறதுக்குள்ளை ஆசை வீட்டை போயிடும்" என்றாய். "போற ஆசை போகட்டும், படிவம் படிவம்தான்" என்றேன். ஆனாலும் நீ மனம் இரங்கினாய். அம்மாவின் படிவம் ஒன்றாவது நிரம்பட்டும் என்று நினைத்தாயோ என்னவோ, ஒரு நாள் விண்ணப்பித்தாய். படத்தின் விபரம் என்ற இடத்தில் 'ஒரு பெண்ணும் செவ்வரத்தம் பூக்களும்' என்று எழுதியிருந்தாய். அந்தக் கிழமை கந்தோரில் கதிரை மேசை எண்ணும் வருடாந்தக் கணக்கெடுப்பு. இணைத்த படத்தை நான் திருப்பியும் பார்க்கவில்லை. 'சிபாரிசு செய்கிறேன்' என்று கையெழுத்து வைத்தேன்.

நீ சனியும் ஞாயிறும் நின்று கீறிவிட்டு, ஞாயிறு பின்னேர ரயிலில் வவுனியாவுக்குப் படிக்கப் போய்விட்டாய். எனக்கு வெள்ளியிலிருந்தே காய்ச்சல். திங்கட்கிழமையும் கந்தோருக்குப் போகவில்லை. தொலைபேசி வேறு கிணற்றடி வாளிக்குள் விழுந்து உயிரை விட்டிருந்தது. இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று நீயும் யோசிக்கவில்லை, அனுமதி கொடுத்த நானும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சுவரில் ஒரு முகம் தெரிகிறது என்றால், ஒன்று அவர் தேர்தலில் நிற்கிறார், இல்லாவிட்டால் அவர் போய்விட்டார். நான் தேர்தலில் நிற்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நீ என் முகத்தைச் சுற்றிவரப் பூவும் வைத்துவிட்டாய். ஓர் எழுத்துக்கூட இல்லாத படத்தைச் சனம் சந்தைக்கு வரும்போதே வாசித்து முடித்துவிட்டது.

திங்கள் காலை ஒன்பது மணியிருக்கும். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், படலையடியில் ஒப்பாரி கேட்கிறது. கண்டாவளையிலிருந்து உன் மாமி, அப்பாவின் அக்கா, ஓட்டோவில் வந்து இறங்கியிருக்கிறா. பின்னால் பக்கத்து வளவுச் சனம். யாரோ பிளாஸ்ரிக் கதிரைகளை வேறு இறக்குகிறார்கள். எனக்கு முதலில் ஏற்பட்டது பயம். அப்பாவுக்கு வயலில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தால், அப்பா சைக்கிளோடு முற்றத்தில் நிற்கிறார், இரண்டு பேர் இரண்டு பக்கமும் அவரைப் பிடித்திருக்கிறார்கள். "காலமை என்னைப் பேசினவள், இப்ப எப்பிடி?" என்று அவர் கேட்கிறார். "அதுதான் அண்ணை கடைசிப் பேச்சு. மனசிலை வைச்சிருக்காதேங்கோ" என்று ஒருவர் ஆறுதல் சொல்கிறார். அப்போதுதான் செத்தது நான் என்று எனக்குப் பிடிபட்டது.

உடனே வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்க ஓர் ஆசை. எத்தனை பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும், நீயே சொல். "என்ர மச்சாளே, முப்பது வருசம் கந்தோருக்கு ஓடின காலே, இண்டைக்கு ஓஞ்சு போச்சோ" என்று மாமி தொடங்கினா. எனக்கே கண் கலங்கிவிட்டது. "ஆரையும் ஒரு சுடுசொல் சொல்லாத வாயே" என்று அடுத்த அடியை எடுக்க, கதிரையில் குனிந்திருந்த அப்பா தலையை நிமிர்த்தி மாமியைப் பார்த்தார். பரவாயில்லை, அழுகையில் கொஞ்சம் கூடக்குறைய வரும்தான். ஆனால் மூன்றாவது அடி, "பொங்கலுக்கெண்டு வாங்கிப்போன சருவத்தைத் தராமலே போயிட்டியே, இனி நான் ஆரிட்டைக் கேப்பன்" என்று வந்தது. அந்தப் பெரிய பித்தளைச் சருவப் பாத்திரம். மகன், என் சாவில் வைத்து என்னைப் பொய்க்காரியாக்கினால் நான் பொறுப்பேனா? உள்ளே இருந்தபடியே, "அதை நான் சித்திரை வருசத்துக்கு முதலே குடுத்திட்டன்" என்றேன்.

நாலு கதிரை விழுந்தது. பக்கத்து வளவுக்காரி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள், பின்னேரம்தான் வந்து எடுத்தாள். உன் மாமி மட்டும் அசையவில்லை. மூக்கைச் சீறித் துடைத்துவிட்டு, "எப்ப குடுத்தனீ? ஆரிட்டைக் குடுத்தனீ?" என்று கேட்டா. அப்பா அழுதுகொண்டு சிரித்தாரா, சிரித்துக்கொண்டு அழுதாரா தெரியாது, என் கையைப் பிடித்தவர் ஒரு மணி நேரம் விடவில்லை. அதையும் நான் அன்று கவனிக்கவில்லை. எனக்கு அவமானம் மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த நாள் கந்தோருக்குப் போனால் வாசலில் என் பெயர் போட்ட மலர்வளையம். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் என் மேசைக்கு முதல்நாள் பத்தரைக்கே ஒருவர் தன் கோப்புகளோடு மாறியிருந்தார். கனடாவிலிருந்து உன் சித்தி கந்தோர்த் தொலைபேசிக்கு அழைத்து, எடுத்தது நான் என்று தெரிந்ததும் கத்திவிட்டு வைத்தாள். சந்தியில் ஒருவர் என்னைத் தொட்டுப் பார்த்தே விட்டார். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. களஞ்சிய அறையில் இருந்த சுண்ணாம்பு வாளியையும் தடித்த தூரிகையையும் எடுத்துக்கொண்டு, நட்ட நடு மத்தியானத்தில் நானே தெற்குச் சுவருக்குப் போனேன். ஒன்பதாவது விதி என் வாயில் இருந்தது.

கிட்டப் போய்த்தான் முதல் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தேன். மூக்கின் நுனியில் கண்ணாடி, கடிதம் ஒன்றை நம்பாமல் வாசிக்கும் அந்தப் பார்வை, எங்கள் கிணற்றடிச் செவ்வரத்தை. தாடையில் அந்தத் தழும்பு. எந்தப் போட்டோவிலும் நான் கையை வைத்து மறைக்கும் தழும்பு. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போகும்போது உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து நான் விழுந்தது உனக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணவில்லை. ஒரு கையில் உன்னைப் பிடித்திருந்தேன், மற்றக் கையில் சபையின் முத்திரைப் பெட்டி. இரண்டையும் விடவில்லை, அதனால் தாடைதான் தரையில் பட்டது. சனம் அதைச் சொல்லிச் சிரிக்கும், உயிர் போகிற நேரத்தில் முத்திரையைக் கட்டிப்பிடித்தவள் என்று. நீ அந்தத் தழும்பை எவ்வளவு கவனமாக, எவ்வளவு அன்பாகக் கீறியிருந்தாய் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் அடித்தேன். முதல் இழுப்பே தாடைக்குத்தான். அங்கே மட்டும் மூன்று பூச்சு அடித்தேன், அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தச் சுவரில் இன்றுவரை ஒரேயொரு நாசவேலைதான் நடந்திருக்கிறது. அதைச் செய்தவள் அனுமதிப் பிரிவுக்குப் பொறுப்பான நான்.

வெள்ளிக்கிழமை நீ வந்தாய். சுவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "வடிவாய்த்தான் அடிச்சிருக்கிறியள் அம்மா. ஒரு இடமும் விடேல்லை" என்றாய். நீ கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு நாளில் முடிந்திருக்கும். நீ கத்தவில்லை. அதற்குப் பிறகு நீ எதையும் கீறவில்லை. இப்போது வவுனியாவில் அச்சுக்கடையில் இருந்து, மற்றவர்களின் முகத்தைச் சுற்றிக் குத்துவிளக்கும் பூவும் வைத்துக் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுக்கிறாய். உழைப்பில் குறைவான உழைப்பு இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருத்தியைக் கீறினதுக்கு நான் கொடுத்த தண்டனையாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

இனி நடந்த புதினத்தைக் கேள். சபைச் சுண்ணாம்பு பெயின்றில் ஒட்டாது என்று மேசன்மாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இரண்டு மாரி மழைக்கு அது பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு செவ்வரத்தம் பூ வந்தது. பிறகு கண்ணாடி. மரக்கறி விற்கிற பிள்ளை, "அக்கா, உங்கட மற்றக் கண்ணும் வந்திட்டுது" என்று சொல்லித்தான் எனக்கே தெரியும். போன மாதம் அதற்கும் ஒரு முறைப்பாடு என் மேசைக்கு வந்தது, 'தெற்குச் சுவரில் அனுமதியற்ற முகம் ஒன்று தோன்றிவருகிறது, நடவடிக்கை எடுக்கவும்' என்று. திகதி முத்திரை குத்தினேன். உன் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். அதில் என் கையெழுத்து. கோப்பில் இப்படிக் குறிப்பு எழுதினேன்: 'மேற்படி படம் முறைப்படி அனுமதி பெற்றது. அதன்மேல் பூசப்பட்ட சுண்ணாம்புக்கே அனுமதி பெறப்படவில்லை. பூசியவர் இனங்காணப்பட்டுள்ளார்.' தவிசாளர் வாசித்துவிட்டு ஒப்பமிட்டார். பதினொரு விபரப் படிவத்தையும் கையோடு கிழித்தேன். இனி யார் கீறினாலும் பெயரை ஒரு கொப்பியில் எழுதிவிட்டுக் கீறலாம். அந்த மாற்றம் வந்து இரண்டு கிழமைக்குள் சுவரின் இடது பக்கத்தில் ஒரு முதலையும் ஒரு உழவு இயந்திரமும் வந்துவிட்டன. முதலை அவ்வளவு சரியில்லை. இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். உன் கலியாணத்துக்காகப் பரணைத் துப்புரவாக்கினோம். நெல்லுச் சாக்குகளுக்குப் பின்னால் மாமியின் சருவம் இருந்தது. நான் கொடுக்கவே இல்லை. செத்த இடத்திலிருந்து எழும்பி வந்து சத்தியம் பண்ணின விடயம் அது. கலியாண வாழ்க்கைக்கு உனக்குத் தர என்னிடம் இருக்கிற ஒரே புத்திமதி இதுதான்: உனக்கு வலு நிச்சயமாகத் தெரியும் என்று வாயைத் திறக்குமுன் ஒரு தடவை பரணில் ஏறிப் பார். சருவத்தைப் புளிபோட்டு மினுக்கி மாமியிடம் கொண்டுபோனேன். அவா அதை வாங்கி, உள்ளே பார்த்து, "மூடி எங்கை?" என்றா.

போன ஞாயிறு காலை ஒரு தேங்காய்ச் சிரட்டையும் வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். தாடை மட்டும் இன்னும் வெளியே வரவில்லை, மூன்று பூச்சு அல்லவா. "அக்கா, என்ன செய்யிறியள்?" என்று சந்தைச் சனம் கேட்டது. "முகம் கழுவுறன்" என்றேன். பதமாகத்தான் சுரண்டினேன் மகன். ஆனால் அந்த இடத்தில் சுண்ணாம்பு பிடித்த பிடியில், கீழே இருந்த பெயின்றும் சேர்ந்து வந்துவிட்டது. நெற்றி, கண், கண்ணாடி, பூ எல்லாம் நீ கீறினபடி இருக்கின்றன. தாடையில் உள்ளங்கை அளவுக்கு வெறும் சுவர். தழும்பு போய்விட்டது. அது இல்லாமல் பார்த்தால் அங்கே நிற்பது என்னைப் போன்ற வேறு யாரோ ஒரு மனுசி.

அதை எனக்குக் கீற வராது. உனக்கு வரும் என்று நேற்று அந்தப் பிள்ளைக்கு அழைத்து, இந்தத் தடவை வைக்காமல், முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "ஞாயிறு காலமைப் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வாறன் மாமி" என்றாள். தூரிகையும் பெயின்றும் வாங்கி வைத்திருக்கிறேன். கடைக்காரர் கேட்டார் என்ன நிறம் என்று, தழும்பு என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை, நாலு நிறம் வாங்கினேன். நீ கீறி முடிக்கும்வரை நான் சுவரடியில் கதிரை போட்டு, தாடையில் கை வைக்காமல் இருப்பேன். சனமும் பார்க்கட்டும், ஒருவரும் அழாமல் இருப்பார்கள்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அம்மா